சகி மையத்துக்கு யார் பொறுப்பு? குடும்ப வன்முறை உதவி அமைப்புகளை நடத்துபவர்களும் ஆளுபவர்களும்

மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஓர் அறிவிப்பு அடிக்கடி வருகிறது. 'சகி' என்றும் அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு மைய நிர்வாகி, வழக்குப் பணியாளர், பாதுகாவலர், பல்நோக்கு உதவியாளர் தேவை, பெண்கள் விண்ணப்பிக்கலாம், தொகுப்பூதியம், முற்றிலும் தற்காலிகம். அறிவிப்பை வெளியிடுபவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் போய்ச் சேர வேண்டியது மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு. பணம் ஒன்றிய அரசின் நிர்பயா நிதியிலிருந்து. மையம் இருப்பதோ பல ஊர்களில் அரசு மருத்துவமனை வளாகத்தில்.

படிப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். இது யாருடைய மையம்? வீட்டில் அடிபட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு வந்து நிற்கும் பெண்ணை "காலையில வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினால் யாரைப் போய்க் கேட்பது? அனைத்து மகளிர் காவல் நிலையம், 181 மகளிர் உதவி எண், பாதுகாப்பு அலுவலர், சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொண்டு நிறுவன இல்லம் என்று ஏற்கெனவே பல கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தலைமை வேறு, பதில் சொல்ல வேண்டிய இடமும் வேறு.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியச் சராசரி சுமார் 29 சதவீதம்தான். இத்தனை பேருக்கான உதவி எந்தக் கையெழுத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

## முதலில் மூன்று பொறுப்புகள்

இந்தத் துறையில் 'தலைமை' என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு ஆட்களைக் குழப்பிக்கொள்கிறோம்.

1. நடத்துபவர். அன்றாட வேலையைக் கவனிப்பவர். அரசு மையத்தில் மைய நிர்வாகி. தொண்டு நிறுவனத்தில் இயக்குநர் அல்லது செயலாளர். யார் எந்த ஷிப்ட், எந்தப் பெண்ணுக்கு முதலில் மருத்துவமனை, எவருக்கு முதலில் வழக்கறிஞர் என்று முடிவெடுப்பது இவர்.

2. ஆளுபவர். கொள்கை, பணம், நியமனம், கண்காணிப்பு ஆகியவை இவர் கையில். அரசு மையத்தில் ஆட்சியர் தலைமையிலான மேலாண்மைக் குழு, சங்கத்தில் செயற்குழு, அறக்கட்டளையில் அறங்காவலர்கள், நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் இயக்குநர் குழு.

3. சட்டத்துக்குப் பதில் சொல்பவர். கடமை தவறினால் தண்டனைக்கு உள்ளாகக்கூடியவர். குடும்ப வன்முறைச் சட்டத்தில் இந்த இடம் பாதுகாப்பு அலுவலருக்கு.

இந்த மூவரும் ஒரே ஆளாக இருந்தால் கேள்வி கேட்க ஆளில்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்றால் வேலை நடக்காது. நம் அமைப்புகளில் இரண்டு கோளாறும் உண்டு. தொண்டு நிறுவனங்களில் முதலாவது அதிகம், அரசு மையங்களில் இரண்டாவது.

## பாதுகாப்பு அலுவலருக்கு இரண்டு மேலிடங்கள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இது பெரும்பாலும் உரிமையியல் தன்மை கொண்ட சட்டம். கணவரைக் கைது செய்வதைவிட, அவர் நெருங்காமல் தடுக்கும் உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றைப் பெற்றுத் தருவதே இதன் நோக்கம். கொடுமைக்கான குற்ற வழக்கு தனி. முன்பு 498ஏ என்று அறியப்பட்ட பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. அது போலீஸ் வழி.

இந்தச் சட்டத்தின் அச்சாணி பாதுகாப்பு அலுவலர். பிரிவு 8-இன்படி மாநில அரசு அவரை நியமிக்க வேண்டும். கூடுமானவரை பெண்ணாக இருக்க வேண்டும். சமூகப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், குறைந்தது மூன்று ஆண்டு பதவிக்காலம் என்று விதிகள் சொல்கின்றன. பெண் சொல்வதைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவது அவருடைய முதல் வேலை. உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, வசைச்சொல்லும் மனரீதியான வன்முறையும், பொருளாதார வன்முறை என்று அந்தப் படிவத்தில் தனித்தனிப் பகுதிகள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் நகையை அடகு வைப்பதும்கூட அதில் இடம்பெறும். "அடிச்சாரா இல்லையா" என்று மட்டும் கேட்டுவிட்டு மூடிவைக்கக்கூடிய தாள் அல்ல அது.

சிக்கல் தலைமையில் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலருக்குச் சம்பளம் கொடுப்பது சமூக நலத்துறை. ஆனால் பிரிவு 9-இன்படி அவர் நடுவரின் கட்டுப்பாட்டிலும் மேற்பார்வையிலும் செயல்பட வேண்டும். துறைக் கூட்டத்துக்கும் போக வேண்டும், நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். நடுவரின் உத்தரவைத் தக்க காரணமின்றி நிறைவேற்றத் தவறினால் பிரிவு 33-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அடுத்த பிரிவே சொல்கிறது. துறை மனம் வைத்தால்தான் துறை அலுவலர் மீது வழக்கு. பிறகென்ன.

ஆள் பற்றாக்குறை இன்னொரு பக்கம். பல மாநிலங்களில் வேறு பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கே இதையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்து வந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், பெண்கள் மற்றும் குழந்தைகள் நலத்துறை அதிகாரிகளை அடையாளம் கண்டு மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வட்ட அளவு என்பது முக்கியம். மலைக்கிராமத்துப் பெண் மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்பதே அவள் வராமல் இருக்கப் போதுமான காரணம்.

## சகி மையம்: மேலிருந்து கீழே

ஒருங்கிணைந்த சேவை மையம் 2015 ஏப்ரலில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டம். 2012 டெல்லி கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட உஷா மெஹ்ரா ஆணையம், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவம், போலீஸ், சட்டம், மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததன் தொடர்ச்சி இது. 2022 முதல் 'மிஷன் சக்தி' என்ற குடையின் கீழ் வருகிறது. தற்காலிகமாக ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறு இல்லத்துக்கு மாற்றுவார்கள்.

மேலாண்மைக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், மருத்துவத்துறை அதிகாரி, பாதுகாப்பு அலுவலர், சமூக அமைப்புகளின் பிரதிநிதிகள் என்று உறுப்பினர்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட வலுவான குழு அமையாது. போலீஸ் ஒத்துழைக்கவில்லை என்றால் எஸ்.பி. அதே மேஜையில். மருத்துவச் சான்று தாமதமானால் அந்தத் துறை அதிகாரி எதிரே.

நடைமுறையில் ஆட்சியரின் தலைமையில் இயங்கும் குழுக்கள் ஒரு மாவட்டத்தில் எத்தனையோ. அதனால் கூட்டம் நடப்பதே பெரிய காரியமாகிவிடுகிறது. நடந்தாலும் 'வந்த வழக்குகள் இத்தனை, முடித்தவை இத்தனை' என்ற பட்டியலோடு கலைகிறது. 'முடித்தவை' என்ற கட்டத்தில் கணவரோடு சேர்த்து அனுப்பியவர், பாதியில் வராமல் நின்றுபோனவர், உத்தரவு பெற்றவர் மூவரும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். ஆளும் குழுவுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான தகவலே அந்தக் கட்டத்துக்குள் புதைந்துவிடுகிறது.

கீழே வருவோம். வழக்குப் பணியாளர்தான் பெண்ணோடு போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் நடப்பவர். மையம் 24 மணி நேரமும் இயங்க வேண்டியது என்பதால் இரவுப் பணியும் உண்டு. சமூகப்பணியில் பட்டம், அனுபவம் எல்லாம் கேட்கிறார்கள். அண்மை ஆண்டுகளின் மாவட்ட அறிவிப்புகளில் அவருக்கான தொகுப்பூதியம் ரூ.18,000 என்ற அளவில் இருக்கிறது. வேலை ஒப்பந்தம். நீட்டிப்பு அதே அலுவலகத்தின் கையில். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் தேவைப்படும்.

## தொண்டு நிறுவனம் நடத்தினால்

சென்னையில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகள் 2001 முதல் இந்தக் களத்தில் இருக்கின்றன. ஐந்து நாளுக்குப் பிறகு பெண் போய்ச் சேரும் இல்லம் பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவதுதான். சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'சேவை வழங்குநர்'. பிரிவு 10-இன்படி பதிவு செய்துகொண்டால், பெண் விரும்பும் பட்சத்தில் குடும்ப நிகழ்வு அறிக்கையை அவர்களே எழுதி நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக அவர்கள் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு. பதிவு பெற, இதே சேவையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும்.

அமைப்பின் சட்ட வடிவத்தைப் பொறுத்து ஆளும் குழுவின் தன்மை மாறும்.

1. அறக்கட்டளை. ஆரம்பிப்பது சுலபம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. ஆயுட்கால அறங்காவலர் என்று எழுதிக்கொண்டால் மாற்றுவது கடினம். நிறுவனர், அவருடைய கணவர், மைத்துனர், கணக்குப் பார்க்கும் தெரிந்தவர் என்று முடிந்துபோகும் குழுக்களை இங்கேதான் அதிகம் பார்க்கலாம்.

2. சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும். தேர்தல் என்ற ஒன்று இருப்பதால் கேள்வி கேட்க வாய்ப்பு இருக்கிறது. அதே தேர்தலால் அமைப்பு உடைந்துபோவதும் உண்டு.

3. இலாப நோக்கற்ற நிறுவனம். கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. தணிக்கையும் ஆண்டறிக்கையும் கறாராகக் கேட்பார்கள். இயக்குநர்கள் யார் என்பதைப் பொதுமக்களும் பார்க்க முடியும்.

பெண்கள் தங்கும் இல்லம் நடத்தினால், விடுதிகள் மற்றும் இல்லங்களுக்கான தமிழ்நாட்டின் 2014 ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்கினால் இன்னொரு கயிறு. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது (முன்பு 50). வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய ஊர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி இதோடு அடைபட்டது.

## அந்த போன்

எந்த வடிவமானாலும், ஆளுகையின் தரம் வெளிப்படும் கணம் ஒன்றுதான். சிபாரிசு போன்.

பெண் புகார் கொடுத்த மறுநாள் கணவர் வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். கட்சிக்காரர், ஊர்ப் பெரியவர், சாதிச் சங்கத்து ஆள், அதே துறையில் வேலை பார்க்கும் சித்தப்பா என்று யாரோ ஒருவர் வழியாக அழைப்பு வரும். "நம்ம பையன்தான் மேடம். கோபக்காரன், மத்தபடி தங்கம். கொஞ்சம் பேசி அனுப்பி வைங்க." மிரட்டல் எதுவும் இருக்காது. மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

இந்த அழைப்பு யாருக்கு வருகிறது, அவர் 'முடியாது' என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். அரசு மையத்தில் அது துறை அதிகாரி வழியாக மைய நிர்வாகிக்கு வரும். அவரிடமிருந்து வழக்குப் பணியாளருக்கு. அவருடைய ஒப்பந்த நீட்டிப்பு அதே அலுவலகத்தின் கையில் இருப்பது இங்கேதான் கடிக்கிறது. தொண்டு நிறுவனத்தில் அது நிறுவனருக்கோ நன்கொடையாளரான அறங்காவலருக்கோ வரும். அங்கேயும் ஊழியருக்கு மேலே வேறு யாரும் இல்லை.

வழக்குப் பணியாளர் தைரியசாலியா என்று கேட்பது தவறான கேள்வி. அவர் தைரியமாக இருந்தாலும் வேலை போகாது என்ற ஏற்பாடு இருக்கிறதா என்பதே சரியான கேள்வி. இதைச் செய்துகொடுப்பதுதான் ஆளும் குழுவின் முதல் வேலை. கட்டடத் திறப்பு விழாவெல்லாம் பிறகு.

சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. 2006 விதிகளில், தகராறோடு தொடர்புள்ளவரோ இரு தரப்பில் எவருக்கேனும் உறவினரோ ஆலோசகராக இருக்கக்கூடாது. எதிர்த்தரப்புக்காக வாதாடிய வழக்கறிஞரும் கூடாது. அடுத்த விதி இன்னும் கூர்மையானது. வன்முறைக்கு நியாயம் கற்பிப்பது ஆலோசனையில் இடம்பெறாது என்பதை, பேச்சுத் தொடங்கும் முன்பே எதிர்மனுதாரரிடம் சொல்லிவிட வேண்டும். அதாவது "அவ எதுத்துப் பேசினா, அதான் கை நீட்டிட்டேன்" என்ற வாதத்துக்கு அந்த அறையில் இடமே கிடையாது. பெண் விரும்பினால் மட்டுமே சமரசப் பேச்சு.

ஆலோசகருக்கு எழுதிவைத்த இந்த அளவுகோலை ஆளும் குழு தனக்கும் எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. எழுதிக்கொள்ள வேண்டியவை:

1. ஒரு குறிப்பிட்ட வழக்கைப் பற்றிக் குழு உறுப்பினரோ அதிகாரியோ பேசினால், அது தேதி, பெயருடன் பதிவேட்டில் ஏற வேண்டும். தன் பெயர் பதிவாகும் என்று தெரிந்தாலே பாதி அழைப்புகள் வராது.

2. குழுவுக்கு எண்ணிக்கை போக வேண்டும், பெயர் போகக்கூடாது. எந்தப் பெண், எந்தத் தெரு, எந்த இல்லத்தில் இருக்கிறாள் என்பது தலைவருக்கும் தெரிய வேண்டியதில்லை. மாவட்டம் சிறியது, 'ஓர் ஆசிரியையின் வழக்கு' என்றாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால் அறிக்கை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும்.

3. உறுப்பினருக்கு உறவோ தொழில் தொடர்போ இருந்தால் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். அது குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

4. வழக்குப் பணியாளரை நீக்குவதென்றால் எழுத்துப்பூர்வமான காரணம், குறைந்தது மூவர் முடிவு. ஒருவர் கையெழுத்தில் முடிந்துவிடக் கூடாது.

5. ஒரு காலத்தில் இதே உதவியைப் பெற்ற பெண் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். அடையாளத்துக்காக அல்ல. 'முடித்தவை' என்ற கட்டத்தைப் பார்த்ததும் "எப்படி முடிச்சீங்க?" என்று கேட்க வேறு யாருக்கும் தோன்றாது.

## மும்பையில் செய்து பார்த்தவை

பணியாளர் மீதான இந்த அழுத்தத்துக்கு மும்பையில் இரண்டு வேறு விடைகள் முயன்று பார்க்கப்பட்டன. 1984-இல் டாடா சமூக அறிவியல் கழகம், மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. உட்காருமிடம் போலீஸ் அலுவலகம். உட்கார்ந்திருப்பவர் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர். போலீசின் செல்வாக்கு கிடைக்கிறது, ஆனால் அவர் போலீசுக்குக் கீழ்ப்பட்டவர் இல்லை. பின்னர் மகாராஷ்டிர அரசே இதை ஏற்றுக்கொண்டு விரிவுபடுத்தியது.

இரண்டாவது, பாந்த்ராவில் உள்ள பாபா மருத்துவமனையின் 'திலாசா'. மும்பை மாநகராட்சியும் சேஹத் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கின. மருத்துவமனை ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களையே அதில் ஈடுபடுத்தினார்கள். 'மாடியிலிருந்து விழுந்துவிட்டேன்' என்று சொல்லும் பெண்ணின் காயத்தைப் பார்த்து நர்ஸ் சந்தேகப்பட்டு அனுப்பினால், அவள் வீட்டுக்குத் தெரியாமலே உதவி தொடங்கிவிடும். பிறகு நடத்தும் பொறுப்பு மாநகராட்சிக்கே போனது.

இரண்டிலும் பணியாளருக்குப் பின்னால் இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்று வளைந்தாலும் இன்னொன்று நிற்க வாய்ப்பு உண்டு. நம் சகி மையங்களில் சமூக அமைப்புகளின் பிரதிநிதிகள் குழுவில் இருந்தாலும், ஊழியர் முழுக்க ஒரே துறையின் கீழ்தான்.

## குழு பெயரளவில் இருந்தால்

பீகாரின் முசாபர்பூர் வழக்கு குடும்ப வன்முறை மையம் பற்றியது அல்ல, சிறுமியர் காப்பகம் பற்றியது. ஆனாலும் ஆளுகை பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அரசு நிதியில், உள்ளூர்ப் பத்திரிகை அதிபர் ஒருவரின் பிடியில் இருந்த தொண்டு நிறுவனம் நடத்திய இல்லம் அது. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்; எல்லாம் சரி என்றே எழுதினார்கள். உள்ளே நடந்த பாலியல் கொடுமை, டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழு வந்து சிறுமியரோடு தனியாகப் பேசிச் சமூகத் தணிக்கை செய்த பிறகுதான் 2018-இல் வெளியே வந்தது. மாநில சமூக நல அமைச்சர் பதவி விலகினார். 2020-இல் டெல்லி நீதிமன்றம் அந்த அதிபருக்கு ஆயுள் முழுவதும் சிறை விதித்தது.

ஆய்வு செய்த அதிகாரிகள் பதிவேட்டைப் பார்த்தார்கள். தணிக்கைக் குழு உள்ளே இருந்தவர்களைக் கேட்டது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

## மையமே உதவவில்லை என்றால்

1. பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுத மறுத்தால், காத்திருக்க வேண்டாம். பிரிவு 12-இன்படி பெண்ணே நேரடியாக நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறை இழுக்கும், ஆனாலும் அலுவலரின் மறுப்பை அந்த மனுவிலேயே குறிப்பிடலாம். அவரை மேற்பார்வை செய்பவர் அதே நடுவர்.

2. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

3. சகி மையம் இரவில் உள்ளே விடவில்லை என்றால், அழைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 181-இல் பதிவு செய்ய வேண்டும். பின்னர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு. அவர்தான் மேலாண்மைக் குழுத் தலைவர் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுவது நல்லது.

4. தொண்டு நிறுவன இல்லத்தில் பிரச்சினை என்றால் உரிமம் கொடுத்த ஆட்சியர், நிதி கொடுத்த துறை, மாநில மகளிர் ஆணையம். ஊழியருக்கே பாலியல் தொந்தரவு என்றால், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் இடத்தில் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பெண்களுக்கு உதவும் அமைப்புக்கு இதில் விலக்கு எதுவும் இல்லை.

5. அக்கறையுள்ள மற்றவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மேலாண்மைக் குழு கடந்த ஆண்டு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, வந்தவர் யார், காலிப் பணியிடம் எத்தனை, 'முடித்தவை' என்பதன் பிரிவு வாரியான கணக்கு என்ன என்று கேட்கலாம். எந்தப் பெண்ணின் பெயரும் இதில் தேவைப்படாது. ஆகவே இரகசியம் என்று சொல்லி மறுக்கவும் வழியில்லை.